சபை ஒன்று கிராமத்துக்கு போர் போட்டுக் கொடுக்க நினைத்தால்

ஊழியம் செய்துவரும் ஒரு கிராமத்துக்கு, காணிக்கை திரட்டி அடிபம்புடன் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்க உங்கள் சபை நினைக்கிறது. ஜெப வீட்டு வளாகத்திலேயே போடலாமா, எந்த பம்ப் நல்லது, சபை இளைஞர்கள் ஒரு வாரம் போய் வேலையை முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இன்று கொடுக்கிற பணம் பத்து வருடம் கழித்தும் அந்த ஊரில் தண்ணீராக வந்துகொண்டிருக்குமா? கிராமக் குடிநீர் வேலையில் வருடக்கணக்காக இருப்பவன் என்ற முறையில் அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். ஊர் எங்கே இருக்கிறது, பாறையா மணலா, நீர்மட்டம் எவ்வளவு என்பதை நீங்கள் எழுதவில்லை. ஆகவே எங்கும் பொருந்துவதை உறுதியாகச் சொல்கிறேன். நிலத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும் என்ற இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

துளை போடுவதுதான் இந்த வேலையிலேயே எளிதான பகுதி. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் கணக்குகளை கிராமப்புற நீர் வழங்கல் வலையமைப்பு 2009இல் தொகுத்தபோது, நூற்றுக்கு 36 அடிபம்புகள் ஓடாமல் நின்றிருந்தன. அப்படி நிற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் சின்னவை: தேய்ந்த வாஷர், அறுந்த செயின், துருப்பிடித்து ஓட்டை விழுந்த குழாய். அதைக் கழற்றி மாற்ற ஆளும் கருவியும் காசும் ஊரில் இருக்காது. சில இடங்களில் முதல் நாளிலிருந்தே தண்ணீர் போதாத துளையில் பம்பை மாட்டியிருப்பார்கள். ஆகவே திட்டச் செலவைப் போடும்போது துளை போடும் ரிக் வண்டியின் வாடகையை முதல் வரியாக எழுதாதீர்கள். பத்து வருடப் பராமரிப்புக்கு யார் பொறுப்பு, உதிரி பாகம் எங்கே கிடைக்கும், பரிசோதனைக்கு எவ்வளவு ஆகும் என்பதை முதலில் எழுதுங்கள். அதற்கு விடை கிடைக்காவிட்டால் துளையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

மிஷன் வேலைக்கும் இந்த பம்புக்கும் பழைய உறவு உண்டு. 1960களில் மகாராஷ்டிராவின் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிணறு வேலை செய்த மிஷன்களுக்கு ஒரே தொல்லை, வார்ப்பிரும்பு பம்புகள் அடிக்கடி உடைவது. அவை ஒரு வீட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை. முழு ஊரும் நாள் முழுக்க அடித்தால் தாங்காது. அங்கேதான் எஃகில் செய்த, ஒரே அச்சில் கைப்பிடி ஆடும், செயினோடு கம்பி இணைந்த பம்புகள் உருவாயின. 1970களில் யூனிசெஃப் உதவியுடன் வந்த இந்தியா மார்க் 2 பம்ப், சோலாப்பூர் வடிவத்திலிருந்து வளர்ந்தது. இன்று ஆசியா, ஆப்பிரிக்கா முழுக்க அது ஓடுகிறது. உடைந்த பம்பைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பார்த்தவர்களிடமிருந்து வந்ததால்தான் அந்த வடிவம் நிலைத்தது என்பது என் கருத்து.

இடம் பற்றிய கேள்விக்கு நேரடியான பதில்: ஜெப வீட்டு வளாகத்தில் வேண்டாம். கேட் இருக்கும் இடத்தில் சாவி ஒருவர் கையில் இருக்கும். சாவி இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வேறு மதத்தைச் சேர்ந்த ஒரு பெண் குடத்தோடு உள்ளே வரத் தயங்குவாள். ஆராதனை நேரத்தில் பம்ப் சத்தம் வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். அதோடு அது சபையின் பம்ப் ஆகிவிடும், பழுதானாலும் சபைதான் பார்க்க வேண்டும். பொது நிலத்தில், எல்லாத் தெருக்காரர்களும் நடந்து வரக்கூடிய இடத்தில் போடுங்கள். தனியார் நிலமாக இருந்தால் பம்பும் அதற்கான வழியும் பொதுவுக்கு விடப்பட்டதாக எழுத்தில் வாங்கி, உள்ளூர் நிர்வாகத்தில் பதிவு செய்யுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் போட்டால், நிலக்காரர் இறந்த பிறகு மகன் வேலி போட்டுவிடக்கூடும்.

தண்ணீரையும் ஊழியத்தையும் எப்படி இணைப்பது என்பதில் தெளிவான நெறி ஒன்று உண்டு. பேரிடர் உதவிக்கான நடத்தை விதிகள் 1994இல் வெளியானபோது அதை முன்வைத்த அமைப்புகளில் காரித்தாஸ் இன்டர்நேஷனலிஸ், உலக லூத்தரன் சம்மேளனம், உலக சபைகள் மன்றம் ஆகியவையும் இருந்தன. உதவி தேவையைப் பார்த்துத்தான் தரப்படும், எந்த மத நிலைப்பாட்டையும் முன்னெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் உள்ளது. நடைமுறையில் இதன் பொருள்: கூட்டத்துக்கு வந்தவர் முதலில் பிடிக்கலாம் என்ற விதி கூடாது. பம்ப் குழுவில் விசுவாசிகளே பெரும்பான்மையாக இருக்கக் கூடாது. தண்ணீர் பிடிக்கும் குழந்தைகளின் படத்தோடு மனமாற்ற சாட்சியத்தைச் சேர்த்து நிதி திரட்டக் கூடாது. சில நாடுகளில் ஆசை காட்டி மதம் மாற்றுவது சட்டப்படி குற்றம். அதன் பலனை அனுபவிப்பது உள்ளூர் போதகர்தான், நீங்கள் அல்ல. ஊர்க்காரர்கள் யார் நீங்கள், ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் இயேசு முதலில் பேசியது தண்ணீர் கேட்டுத்தான். ஊரிடம் முதலில் கேட்டு அறிய வேண்டியது நிறைய இருக்கிறது.

என்ன கேட்பது? இப்போது எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், கோடையில் அது வற்றுகிறதா, பழைய துளைகள் எத்தனை, எவ்வளவு ஆழம், ஏன் கைவிட்டார்கள். இதைப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். குடம் சுமப்பவர்களுக்குத்தான் விடை தெரியும். பல ஊர்களில் புதிய துளையே தேவைப்படாது. நின்றுபோன பம்பைப் பழுது பார்த்து, மேடையை உடைத்துக் கட்டினால் போதும். மலைப்பாங்கான இடத்தில் வற்றாத ஊற்று இருந்தால், அதைப் பாதுகாத்துக் குழாயில் இறக்குவதுதான் என் முதல் தேர்வு. ஓடும் பாகமே இல்லாததால் பழுதும் குறைவு. கோடையின் கடைசியில் 20 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 60 விநாடியில் நிறைந்தால் ஒரு நாளில் 28,800 லிட்டர் வருகிறது. இரவில் வருவதைச் சேமிக்கத் தொட்டி கட்டினால் பெரிய ஊருக்கே போதும். ஊற்று வெளிப்படும் வாயைத் தோண்டி, கல்லடுக்கி, மூடிய பெட்டி கட்டி, வழிந்தோடும் குழாயை ஊற்றுக்கண்ணின் மட்டத்துக்குக் கீழேயே வையுங்கள். மேலே வைத்தால் தண்ணீர் தேங்கி எதிர் அழுத்தம் கொடுக்கும், ஊற்று வேறு வழி தேடிக்கொண்டு போய்விடும்.

அடுத்தது வேதியியல். இதில் எந்தச் சமரசமும் செய்யாதீர்கள். வங்கதேசத்தில் 1970களிலிருந்து வயிற்றுப்போக்கைத் தடுப்பதற்காகக் குளத்துத் தண்ணீருக்குப் பதிலாக லட்சக்கணக்கான ஆழமற்ற குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. கிருமியைப் பற்றி யோசித்தவர்கள் ஆர்செனிக் என்ற நச்சைச் சோதிக்கவில்லை. 1993இல்தான் அங்கே கிணற்று நீரில் ஆர்செனிக் இருப்பது உறுதியானது. அதற்குள் கோடிக்கணக்கானோர் அதைக் குடித்திருந்தார்கள். கலங்கலின்றி, மணமின்றி, குளிர்ச்சியாக வரும் தண்ணீர் பாதுகாப்பானது என்று யாரும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள் லிட்டருக்கு ஆர்செனிக் 0.01 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம். பாறைப் பகுதியில் ஃபுளோரைடுதான் என் முதல் சந்தேகம். அது மிகுந்தால் பல்லிலேயே தெரியும். பக்கத்து ஊர்களில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பற்களைப் பாருங்கள். சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடுகளோ பல பிள்ளைகளிடம் தெரிந்தால், ரிக்கைக் கூப்பிடும் முன் அந்தத் துளைகளின் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் இன்னும் செறிவாகும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து நீக்கும் நல்கொண்டா முறை, செயலூட்டிய அலுமினா, எலும்புக்கரி எல்லாம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தினசரிக் கவனமும் கழிவை அகற்றும் ஏற்பாடும் கேட்கும். ஆர்வம் தணிந்த மூன்றாம் வருடத்தில் அவை கைவிடப்படும் ஆபத்து அதிகம். முடிந்தால் வேறு நீராதாரம் தேடுவது மேல்; குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மழைநீர் என்பதும் நல்ல வழி. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சேதாரம் போகச் சுமார் 0.8 லிட்டர் கைக்கு வரும்.

மாதிரி எடுப்பதிலும் தவறு நடக்கிறது. பம்ப் டெஸ்ட் (துளை எவ்வளவு தண்ணீர் தரும் என்று இறைத்துப் பார்க்கும் சோதனை) முடியும் தருவாயில், நிரந்தர பம்பை மாட்டும் முன் எடுக்க வேண்டும். பம்ப் மாட்டித் திறப்பு விழாவும் நடந்த பிறகு மோசமான முடிவு வந்தால், அதை மூடும் தைரியம் யாருக்கும் வராது. ஃபுளோரைடுக்குப் பிளாஸ்டிக் புட்டி, கண்ணாடி கூடாது. ஆர்செனிக், இரும்புக்கு ஆய்வகம் தரும் அமிலம் சேர்த்த தனிப் புட்டி. கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய புட்டியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கூடுமானவரை 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆய்வகம் தொலைவில் இருந்தால் எச்2எஸ் காகிதப்பட்டைப் புட்டி உதவும். தண்ணீர் ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக் கலப்பு இருக்கும்போது ஒன்றிரண்டு நாளில் கருப்பாகும். நிலத்தடி நீரில் இயற்கையாகவே சல்பைடு இருந்தாலும் கருக்கும் என்பதால் அது எச்சரிக்கை மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

எங்கே துளைப்பது என்பதில் உறுதிக்கும் ஐயத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. மண்ணின் மின்தடையை அளக்கும் ஆய்வு, பாறை எங்கே சிதைந்தும் வெடித்தும் இருக்கிறது என்று காட்டும். வாய்ப்பைக் கூட்டும், உத்தரவாதம் தராது. குச்சி, தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்கள் தற்செயலைவிடச் சிறப்பாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஊர்ப் பெரியவர்கள் சொல்வது வேறு: எந்தக் கிணறு கடைசியாக வற்றும், எந்த மரம் கோடையிலும் பச்சையாக நிற்கும் என்பதெல்லாம் பயனுள்ள தகவல். கழிப்பறைக் குழிக்கும் துளைக்கும் குறைந்தது 30 மீட்டர் விடுவது பொது விதி. வெடிப்புள்ள பாறையில் அழுக்கு நீர் அதைவிடத் தூரம் ஓடும், அங்கே இன்னும் தள்ளிப் போங்கள். கோடையின் முடிவில் துளையுங்கள். மழைக்குப் பிறகு துளைத்தால் கிடைக்கும் நீர்மட்டம் ஏமாற்றிவிடும். ஒப்பந்தத்தில் நீரில்லாத துளைக்கு என்ன கட்டணம் என்று முதலிலேயே எழுதுங்கள். நீர் இல்லாவிட்டால் காசே இல்லை என்ற ஒப்பந்தம் நல்லதுபோலத் தோன்றும். ஆனால் கொஞ்சம் ஈரம் கண்டதும் தண்ணீர் வந்துவிட்டது என்று அறிவிக்கும் ஆசையை அது துளைப்பவருக்குக் கொடுக்கிறது.

துளைக்கும் நாளில் உங்கள் சார்பில் விஷயம் தெரிந்த ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். மேற்பார்வைக்குச் செலவு செய்யாமல் மிச்சம் பிடிப்பதுதான் சபைத் திட்டங்களில் நான் காணும் மிகப் பெரிய தவறு. ஒவ்வொரு மீட்டருக்கும் வெளிவரும் தூளை வரிசையாகக் கொட்டி வைத்து எழுதச் சொல்லுங்கள். நீர் முதலில் எந்த ஆழத்தில் கண்டது என்பதும் பதிவாக வேண்டும். மண் சரியும் இடத்தில் துளையின் அடிவரை கேசிங், அதாவது துளைச்சுவரைத் தாங்கும் குழாய், வேண்டும். நீர் வரும் அடுக்குக்கு எதிரே துளையிட்ட ஸ்கிரீன் குழாய், அதைச் சுற்றி ஒரே அளவாகச் சலித்த, கழுவிய உருண்டைக் கூழாங்கல். உடைத்த ஜல்லியைப் போட்டு ஏமாற்றுவதும் உண்டு. அதன் தூள் ஸ்கிரீனை அடைக்கும். மேலே குறைந்தது 3 மீட்டர், முடிந்தால் 6 மீட்டர், கேசிங்கைச் சுற்றிய இடைவெளியை சிமெண்ட் கூழால் அடைக்க வேண்டும். வெளியே தெரியாத வேலை என்பதால் இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்; அப்புறம் மழை பெய்தவுடன் மேடையில் தேங்கிய அழுக்கு நேராகத் துளைக்குள் இறங்கும். எல்லாம் முடிந்ததும் காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீர் மணலும் கலங்கலும் இன்றித் தெளியும்வரை கழுவ வேண்டும். அது சில மணி நேர வேலை. அரை மணியில் ரிக் கிளம்பினால் விடாதீர்கள். மீதி மணல் வாஷரை அரைத்துத் தின்னும்.

பிறகு பம்ப் டெஸ்ட். ரிக்கின் காற்றில் தண்ணீர் பீறிட்டு அடிப்பதைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அது டெஸ்ட் ஆகாது. மின்மோட்டாரை இறக்கி, மணிக்குச் சுமார் 1,000 லிட்டர் என்ற ஒரே வேகத்தில் 4 முதல் 6 மணி நேரம் இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பிறகு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று எழுத வேண்டும். இந்தக் கணக்கிலிருந்துதான் சிலிண்டர் (துளைக்குள் தொங்கி, பிஸ்டனால் தண்ணீரை மேலே தள்ளும் உருளை) எந்த ஆழத்தில் தொங்க வேண்டும் என்பது வரும். கோடையில் இறைக்கும்போது மட்டம் எவ்வளவு கீழே போகுமோ, அதற்கும் சில மீட்டர் கீழே சிலிண்டர் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு குழாயை மிச்சப்படுத்தி மேலே மாட்டினால், மழைக்காலத்தில் ஓடி, தேவைப்படும் மாதத்தில் காற்றை இறைக்கும்.

பம்ப் தேர்வில் என் விதி எளிது: அந்தப் பகுதியில் ஏற்கெனவே எது ஓடுகிறதோ, எந்த மெக்கானிக்குக்கு எது தெரியுமோ, எதற்கு உதிரி கிடைக்குமோ அதையே மாட்டுங்கள். வெளிநாட்டு நண்பர் அனுப்பும் புது வடிவம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். இந்தியா மார்க் 2 சுமார் 45 மீட்டர் வரை நன்றாக ஓடும். அதில் வாஷர் மாற்ற முழுக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். 30 மீட்டர் என்றால் 32 மி.மீ. இரும்புக் குழாய், உள்ளே 12 மி.மீ. கம்பி, நிறைந்திருக்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து சுமார் 150 கிலோ. கிளாம்பும் தூக்குக் கருவியும் பழகிய ஆட்களும் இல்லாமல் இது முடியாது. கை நழுவினால் மொத்தமும் துளைக்குள் போய்விடும். மார்க் 3இல் ஏற்றுக்குழாய் 65 மி.மீ. அகலம் என்பதால் பிஸ்டனும், அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வும் குழாய் வழியாகவே மேலே வந்துவிடும். ஆஃப்ரிடெவ் பம்பிலும் அப்படியே; குழாய் பிளாஸ்டிக், 45 மீட்டர் வரை, ஊர்க்காரர்களே சில சாதாரண ஸ்பேனர்களோடு பழுது பார்க்கலாம். சூரிய மின் பம்ப் பெரிய ஊருக்கு நல்லது. ஆனால் கன்ட்ரோலர் எரிந்தால் சரிசெய்ய நகரத்திலிருந்து ஆள் வர வேண்டும், அதை மனதில் வையுங்கள்.

குழாயின் உலோகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு 6.5க்குக் கீழே இருந்தால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் சில வருடங்களில் அரிக்கப்படும். தண்ணீர் சிவக்கும், துணி கறைபடும், சோறு நிறம் மாறும். பம்ப் ஓடும்போதே ஊர் பழைய குட்டைக்குத் திரும்பிவிடும். சிவப்பு குழாயிலிருந்து வருகிறதா, நிலத்திலிருந்தா என்று அறிய ஒரு வழி: விடியற்காலையில் யாரும் தொடும் முன் முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள், விடாமல் அரை மணி அடித்துவிட்டு இன்னொரு பாட்டிலில் பிடியுங்கள், இரண்டையும் காற்றுப்படச் சில மணி நேரம் வையுங்கள். முதல் பாட்டில் மட்டும் செம்மண் நிறமாக அடியில் படிந்தால் குழாய் அரிக்கிறது. துருப்பிடிக்காத எஃகுக்கோ பிளாஸ்டிக்குக்கோ மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே மாதிரிச் சிவந்தால் இரும்பு நிலத்தடி நீரிலேயே இருக்கிறது, குழாயை மாற்றிப் பயன் இல்லை.

மேடை கட்டுவது எளிதுபோலத் தெரியும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம், பம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல், விளிம்பில் வரப்பு, ஒரு பக்கம் சரிவு, அங்கிருந்து சில மீட்டர் வாய்க்கால், கடைசியில் ஜல்லி நிரப்பிய உறிஞ்சுகுழியோ வாழைப் பாத்தியோ. மாடுகளுக்குத் தனித் தொட்டி தள்ளி இருக்கட்டும். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைக்க வேண்டும். அதுவரை யாரும் பம்ப் அடிக்கக் கூடாது. அவசரத்தில் மூன்றாம் நாளே திறந்தால் பம்ப் காலைச் சுற்றி விரிசல் விழும், அந்த விரிசல் வழியேதான் அழுக்கு இறங்கும். மாட்டும் முன் துளையைக் குளோரின் கொண்டு கழுவுங்கள். 125 மி.மீ. கேசிங்கில் 30 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 370 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்றால் 18.5 கிராம், 33 சதவீத பிளீச்சிங் பவுடராக ஏறத்தாழ 56 கிராம். ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, 12 மணி நேரம் விட்டு, வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். பவுடர் பழசாக இருந்தால் வீரியம் பாதிகூட இருக்காது.

ஒரு பம்ப் எத்தனை பேருக்கு? நிமிடத்துக்கு 17 லிட்டர் என்று கொண்டு 500 பேர் என்பது பேரிடர் உதவி அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் கையேட்டின் அளவுகோல். அது அதிகபட்சம், பேரிடர் காலக் கணக்கு. 30 மீட்டர் ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு 12 லிட்டர் வந்தால், 300 பேருக்கு ஆளுக்கு 20 லிட்டர் கொடுக்க பம்பை 8 மணி 20 நிமிடம் ஓய்வின்றி அடிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இரண்டாவது பம்ப் பற்றி யோசியுங்கள். இல்லாவிட்டால் வரிசையில் பின்தள்ளப்படுபவர்கள் ஊரின் ஏழைகளாகத்தான் இருப்பார்கள்.

பராமரிப்பில் வாரம் ஒருமுறை நட்டு போல்ட் முறுக்குவதும், செயினுக்கு கிரீஸ் வைப்பதும், மேடை கழுவுவதும் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்று மேலிருந்தே அறிய இரண்டு சோதனைகள். தண்ணீர் வரும்வரை அடித்துவிட்டு அரை மணி விடுங்கள். மறுபடி அடிக்கும்போது ஐந்து அடிக்கு மேல் ஆகியும் வரவில்லை என்றால் ஃபுட் வால்வோ குழாயோ ஒழுகுகிறது. ஒரு நிமிடத்தில் 40 முழு அடி அடித்து அளந்தால் 10 லிட்டருக்குக் குறைவாக வந்தால் பிஸ்டனில் உள்ள கப் வாஷர் தேய்ந்திருக்கிறது. இவற்றை மாதந்தோறும் செய்து நோட்டில் எழுதினால், பம்ப் நிற்பதற்கு வெகு முன்பே வாஷர் வாங்கிவிடலாம். முதல் நாளே ஒரு செட் வாஷர், ஓ ரிங், பேரிங், செயின், கருவிகள் ஆகியவற்றை ஊரின் பொறுப்பில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பணமும் குழுவும் பற்றித்தான் வல்லுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. வழக்கமான முறை: ஏழெட்டுப் பேர் குழு, பாதிக்குக் குறையாமல் பெண்கள், வீட்டுக்கு மாதம் சிறு தொகை, இருவர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு. பெண்களை உறுப்பினராக மட்டும் போடாமல் பொருளாளராகப் போடுங்கள். ஆனால் சம்பளமில்லாத குழுக்கள் இரண்டு மூன்று வருடத்தில் கலைந்துபோவது சகஜம். நல்ல பயிற்சி கொடுத்தும் கலைகின்றன. அதனால் இப்போது பலர் வேறு வழிக்கு வருகிறார்கள்: பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு மெக்கானிக் நிறுவனம், மாதக் கட்டணம், சில நாட்களுக்குள் பழுது நீக்கும் உறுதிமொழி. கென்யாவில் ஃபண்டிஃபிக்ஸ் என்ற பழுதுநீக்கும் சேவை அப்படித்தான் நடக்கிறது. என் சாய்வும் அந்தப் பக்கமே. உங்கள் ஊருக்கு அருகே அப்படி யாரும் இல்லை என்றால், உள்ளூர் இளைஞர் இருவருக்கு, அதில் ஒரு பெண், முழுப் பயிற்சியும் கருவியும் கொடுத்து சுற்று ஊர்களின் பம்புகளையும் கூலிக்குப் பார்க்கச் செய்யலாம். எதுவானாலும் சபை மாதாமாதம் பழுதுச் செலவை ஏற்காதீர்கள். முதல் பழுதை நீங்கள் சரிசெய்தால் பிறகு ஊர் ஒருபோதும் செய்யாது.

பம்பில் சுத்தமாக வந்த தண்ணீர் வீட்டுக்குப் போவதற்குள் கெடுவது மிகச் சாதாரணம். அகன்ற வாய்ப் பாத்திரம், உள்ளே முக்கும் டம்ளர், கழுவாத கை, இவைதான் காரணம். மூடியும் குழாயும் உள்ள குறுகிய வாய்ப் பாத்திரம் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். சந்தேகமான தண்ணீருக்கு வீட்டிலேயே குளோரின்: ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியவைத்தால் ஏறத்தாழ 1 சதவீதக் கரைசல், 20 லிட்டர் தெளிந்த நீருக்கு 4 மில்லி, கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டி 8 மில்லி, அரை மணி காத்திருந்து குடிக்கலாம். கல்கரி பல்கலைக்கழகத்தின் டேவிட் மான்ஸ் 1990களில் உருவாக்கிய பயோசாண்ட் என்ற மணல் வடிகட்டியை மிஷன் அமைப்புகள் பல நாடுகளில் பரப்பியிருக்கின்றன. நல்ல கருவிதான், ஆனால் அதற்கும் விதிகள் உண்டு. ஊற்றாதபோது மணலுக்கு மேல் 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும், நிமிடத்துக்கு 400 மில்லிக்கு மேல் ஓடக் கூடாது, ஒவ்வொரு முறைக்கும் இடையே ஒரு மணியாவது ஓய்வு வேண்டும், மணலின் மேல் கிருமிகளைத் தின்னும் உயிர்ப்படலம் வளர 30 நாள் வரை ஆகும். ஃபுளோரைடையும் உப்பையும் அது நீக்காது. வடிகட்டிய நீரில் குளோரின் போடலாம். வடிகட்டிக்குள் குளோரின் ஊற்றினால் உயிர்ப்படலம் செத்துவிடும்.

இதனால் ஊரில் நோய் எவ்வளவு குறையும் என்று காணிக்கை கொடுப்பவர்கள் கேட்பார்கள். எண்ணிக்கை சொல்லி வாக்குக் கொடுக்காதீர்கள். வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஸிம்பாப்வேயிலும் நடந்து 2018, 2019இல் வெளியான பெரிய ஆய்வுகளில், வீட்டளவிலான குளோரின், கழிப்பறை, கைகழுவல் ஆகியவற்றால் குழந்தைகளின் உயர வளர்ச்சி மேம்படவில்லை. வயிற்றுப்போக்கு வங்கதேசத்தில் குறைந்தது, மற்ற இரண்டு இடங்களில் குறையவில்லை. கிருமி வரும் வழிகள் பல, ஒன்றை மட்டும் அடைத்தால் போதாது என்று பலர் விளக்குகிறார்கள். தண்ணீர் பக்கத்தில் வந்தால் சுமக்கும் நேரமும் முதுகுவலியும் குறையும் என்பதில் சந்தேகமில்லை. அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

இளைஞர் குழு ஒரு வாரம் போவது பற்றி. துளைக்கவும் கான்கிரீட் போடவும் அவர்கள் வேண்டாம். அந்தக் கூலி ஊர்க்காரர்களுக்குப் போகட்டும். துளை முடிந்து ஒரு வருடம் கழித்து, கோடையில் அனுப்புங்கள். மேலே சொன்ன அரை மணிச் சோதனையும் 40 அடிச் சோதனையும் செய்யட்டும், தண்ணீர் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோகட்டும், குழுவின் நோட்டையும் வங்கிப் புத்தகத்தையும் பார்க்கட்டும், யார் பம்புக்கு வருவதில்லை, ஏன் என்று வீடு வீடாகக் கேட்கட்டும். துளையின் ஆழம், ஸ்கிரீன் இருக்கும் இடம், பம்ப் டெஸ்ட் கணக்கு, தண்ணீர்ச் சோதனை முடிவு, நில ஆவணம் ஆகியவற்றின் நகல் ஊரிலும் உள்ளூர் நீர்த்துறையிலும் உங்கள் சபை அலுவலகத்திலும் இருக்கிறதா என்பதையும் அவர்களே சரிபார்க்கலாம். பம்பில் சபையின் பெயர் பொறிப்பதானால், அதோடு துளை எண்ணையும் ஆழத்தையும் மெக்கானிக்கின் தொலைபேசி எண்ணையும் பொறியுங்கள். பழுது பார்க்க வருபவருக்கு அவைதான் தேவைப்படும்.